வேலூரில் முதல் சின்ன கார் வாங்குவது எப்படி?

காட்பாடியிலோ சத்துவாச்சாரியிலோ குடியிருந்துகொண்டு இத்தனை வருஷம் பைக்கிலேயே ஓட்டிவிட்டு, இப்போது ஒரு சின்ன கார் எடுக்கலாம் என்று நினைக்கிற குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். நடுராத்திரியில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், குடியாத்தத்தில் இருக்கும் அப்பா அம்மாவைக் கூட்டிவர வேண்டும், சித்திரை வெயிலில் நாலு பேர் ஒரு கல்யாணத்துக்குப் போய்வர வேண்டும். இதற்கெல்லாம் கார் ஆடம்பரம் ஆகாது. ஆனால் பல வருஷச் சேமிப்பை ஒரே நாளில் எடுத்துக் கொடுக்கிறோம். அதனால் அவசரப்படாமல், வரிசையாகச் செய்ய வேண்டிய வேலை இது.

வண்டியில் வரும் கோளாறை நல்ல மெக்கானிக் சரிசெய்துவிடுவார், செலவோடு போய்விடும். பேப்பரில் இருக்கும் கோளாறு அப்படிப் போகாது. அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் கணக்கு

கார் பார்க்கக் கிளம்பும் முன் வீட்டில் உட்கார்ந்து இரண்டு விஷயங்களை எழுதுங்கள். மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓடும்? மாதம் எவ்வளவு பணம் ஒதுக்க முடியும்? ஊருக்குள் மாதம் 600 கிலோமீட்டர் ஓட்டி, லிட்டருக்கு 15 கிடைத்தால் 40 லிட்டர் பெட்ரோல். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தாலே 4,000 ரூபாய். இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர் இவற்றுக்கும் மாதாமாதம் ஒரு தொகை எடுத்து வைக்க வேண்டும். கடன் வாங்குவதாக இருந்தால் டியூ தனி.

பழைய கார் என்றால், கையில் இருக்கும் மொத்தத்தையும் வண்டிக்கே போட்டுவிடாதீர்கள். 3 லட்சம் இருந்தால் இரண்டரை லட்சத்துக்கு வண்டி பாருங்கள். பெயர் மாற்றம், இன்சூரன்ஸ், பேட்டரி, டயர், முதல் சர்வீஸ் எல்லாம் மீதி ஐம்பதாயிரத்தில்தான் நடக்கும்.

அப்புறம் ஒரு டேப்பை எடுத்து வீட்டு கேட்டையும் தெருவையும் அளந்துவிடுங்கள். கொசப்பேட்டை, சைதாப்பேட்டை மாதிரி பழைய தெருக்களில் இதுதான் பாதி முடிவைச் செய்துவிடும். ஆல்டோ கே10-இன் நீளம் 3.53 மீட்டர், வேகன் ஆர் 3.65, டியாகோ 3.76. அகலம் பார்த்தால் ஆல்டோ ஒன்றரை மீட்டருக்கும் கொஞ்சம் குறைவு, வேகன் ஆர் 1.62. இது கண்ணாடிகளைச் சேர்க்காத அளவு. கதவு திறக்கவும் இடம் வேண்டும்.

புதுசா, பழசா?

2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம் ஆகிவிட்டது. அதற்கு முன் வரி 28 சதவீதம், அதன்மேல் செஸ் என்ற கூடுதல் வரி. நான்கு மீட்டருக்குள் நீளமும் 1,200 சி.சி.க்குள் பெட்ரோல் எஞ்சினும் உள்ள வண்டிகளுக்கு இது பொருந்தும். புது வண்டி விலை இறங்கியதால் பழைய வண்டி விலையும் இறங்கியிருக்க வேண்டும். ஆனால் விற்கிறவர்கள் பலர் பழைய விலையையே மனதில் வைத்துச் சொல்வார்கள். மூன்று வருஷ வண்டிக்குப் புது வண்டியின் ஆன்ரோடு விலையில் (வரி, ரிஜிஸ்ட்ரேஷன், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்த விலை) முக்கால் பங்கு கேட்டால், நான் புதுசையே எடுக்கச் சொல்வேன். வாரன்டி கிடைக்கும், கடன் வட்டியும் குறையும்.

புதுசு பார்க்கும்போது ஷோரூம் விலையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். தமிழ்நாட்டில் 5 லட்சம் வரை விலையுள்ள காருக்கு ஆயுள் வரி 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம். ஐந்தரை லட்ச ரூபாய் வண்டிக்கு வரி மட்டுமே எழுபதாயிரத்தைத் தாண்டும். அதற்கு மேல் ரிஜிஸ்ட்ரேஷன், இன்சூரன்ஸ். கொட்டேஷனை வரிக்கு வரி படியுங்கள். ஹேண்ட்லிங் சார்ஜ் என்று ஒன்று இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். இன்சூரன்ஸை அவர்களிடமே போட வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. வெளியில் விலை கேட்டு வந்து காட்டினால் அவர்களே குறைப்பார்கள்.

ஆடியில் நம் ஊரில் வண்டி எடுக்க யோசிப்பார்கள். அதனாலேயே அந்த மாதத்தில் ஷோரூம்களில் ஆஃபர் ஓடும். உங்களுக்கு அந்த நம்பிக்கை பெரிதாக இல்லையென்றால் அதுதான் பேரம் பேச நல்ல நேரம். ஆடியிலேயே புக் செய்து விலையை உறுதி செய்துகொண்டு, ஆவணியில் டெலிவரி எடுப்பவர்களும் உண்டு. டிசம்பர் கடைசியிலும் விலை இறங்கும். ஆனால் அது அந்த வருஷத் தயாரிப்பு. நாளைக்கு விற்கும்போது ஒரு வருஷம் பழசாகத்தான் கணக்கில் வரும். ரிஜிஸ்டர் செய்யும் முன் வண்டியை நேரில் பார்த்துத் தயாரிப்பு மாதத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடன் வாங்குவதாக இருந்தால்

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஏமாறும் இடம் இது.

4 லட்சத்தை 5 வருஷத்துக்கு, 9 சதவீதத்தில், குறையும் முறையில் (கட்டிய அசல் போக மீதிக்கு மட்டும் வட்டி) வாங்கினால் மாத டியூ சுமார் 8,300. அதுவே 14 சதவீதம் என்றால் சுமார் 9,300. தனியார் ஃபைனான்ஸில் போய்க் கேட்டால், "மாசம் ஒரு ரூபா வட்டிதாங்க" என்பார்கள். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய், வருஷத்துக்கு 12 சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் அது ஃபிளாட் வட்டி. நீங்கள் அசலைக் கட்டக் கட்டக் குறையாமல், கடைசி மாதம் வரை முழு 4 லட்சத்துக்கும் வட்டி போடுவார்கள். ஐந்து வருஷத்தில் வட்டி மட்டும் 2 லட்சத்து 40 ஆயிரம், மாத டியூ 10,667. வங்கி சொல்லும் முறையில் பார்த்தால் இது ஏறக்குறைய 20 சதவீத வட்டி. எனவே வட்டி எத்தனை என்று கேட்டதோடு நிறுத்தாதீர்கள். மொத்தம் எத்தனை ரூபாய் திருப்பிக் கட்டுவேன் என்று கேளுங்கள், எழுதி வாங்குங்கள். எந்த இடத்தில் கேட்டாலும் இந்த ஒரு எண்ணை வைத்து ஒப்பிட்டுவிடலாம்.

எந்தப் பழைய காரைத் தேடுவது

மாருதியும் ஹூண்டாயும் எங்கு போனாலும் ரிப்பேர் பார்க்க ஆள் இருக்கும், பார்ட்ஸ் கிடைக்கும். முதல் கார் வாங்குபவருக்கு ஆல்டோ, வேகன் ஆர், செலேரியோ, ஸ்விஃப்ட், ஐ10, கிராண்ட் ஐ10 போதும். டியாகோவும் நல்ல கெட்டியான வண்டி. செவர்லே 2017 கடைசியில் இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக 2021-லும், டாட்சன் 2022-லும் அறிவித்தன. அந்த வண்டிகள் ஓட்ட நன்றாகவே இருக்கும், விலையும் மலிவாக வரும். ஆனால் ஒரு பார்ட்ஸுக்காகச் சென்னைக்குப் போன் போட்டுக் காத்திருக்கும் பொறுமை புதியவருக்கு வேண்டாம்.

என்னைப் பொறுத்தவரை, வருஷத்தை வைத்துத் தேடுவது நல்லது. 2019 ஏப்ரலிலிருந்து எல்லாக் கார்களுக்கும் ஏ.பி.எஸ். பிரேக் (திடீரென்று மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாது) கட்டாயம். அதே வருஷம் ஜூலையிலிருந்து டிரைவர் பக்க ஏர்பேக் கட்டாயம். முன்பக்கம் இரண்டு ஏர்பேக் என்பது 2021-ல் வந்தது. வாலாஜாவிலிருந்து வாணியம்பாடி வரை நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே குடும்பத்தோடு போகப் போகிறீர்கள். கையில் பணம் இடம் கொடுத்தால் 2019 ஜூலைக்கு அப்புறம் வந்த வண்டியைப் பாருங்கள். ஐம்பதாயிரம் கூட ஆனாலும் அது வீண் செலவு ஆகாது. மியூசிக் சிஸ்டம், அலாய் வீல் இவற்றுக்குக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

டீசல் வேண்டாம். மாதம் 1,500 கிலோமீட்டருக்கு மேல் ஓடாத குடும்பத்துக்கு அதில் லாபம் கிடையாது. வெளியில் பொருத்திய கேஸ் கிட் இருந்தால் அது ஆர்.சி.யில் (வண்டியின் பதிவுச் சான்று) ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் வண்டியை விட்டுவிடுங்கள்.

எங்கே தேடுவது

தெரிந்தவர், உடன் வேலை செய்பவர், பக்கத்துத் தெருக்காரர் விற்கும் வண்டிதான் எப்போதும் முதல் தேர்வு. வண்டி எப்படி ஓடியது என்று உங்களுக்கே ஓரளவு தெரிந்திருக்கும். அடுத்தது கம்பெனிகளே நடத்தும் பழைய கார் கடைகள். விலை கொஞ்சம் கூட இருக்கும், பேப்பர் வேலை ஒழுங்காக நடக்கும். மூன்றாவது நம் ஊர் கன்சல்டிங், அதாவது பழைய வண்டி புரோக்கர் கடைகள். அங்கே நல்ல ஆட்களும் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் வண்டிக்கு உரிமையாளர் கிடையாது. ஆர்.சி.யில் பெயர் உள்ளவரோடு நேரில், குறைந்தது போனிலாவது பேசாமல் பணத்தை நீட்டாதீர்கள்.

வேலூருக்கென்றே சில எச்சரிக்கைகள் உண்டு. சி.எம்.சி.க்கும் வி.ஐ.டி.க்கும் வருகிறவர்களை நம்பி இங்கே டாக்ஸி நிறைய ஓடுகிறது. டி-போர்டில் ஓடிய வண்டியைச் சொந்த போர்டுக்கு மாற்றி விற்பது சட்டப்படி சரிதான், ஆனால் அந்த வண்டி பல மடங்கு ஓடியிருக்கும். ஆர்.சி.யின் பழைய விவரங்களிலும் இன்சூரன்ஸ் பழைய பாலிசியிலும் இது தெரிந்துவிடும்.

இரண்டாவது, நாம் எல்லையில் இருக்கிறோம். சித்தூர் பக்கத்தில், பெங்களூரு ஒரு காலை நேரப் பயணம். கே.ஏ., ஏ.பி. வண்டிகள் முப்பது நாற்பதாயிரம் குறைவாகக் கிடைக்கும், ஆசை வரும். ஆனால் அந்த மாநில ஆர்.டி.ஓ.விடமிருந்து படிவம் 28-இல் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே தமிழ்நாட்டு வரி கட்டி, புது நம்பர் எடுக்க வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வேறு மாநில நம்பரில் இங்கே ஓட்டக்கூடாது. எல்லாச் செலவையும் கூட்டினால் அந்த மலிவு காணாமல் போயிருக்கும். முதல் காருக்கு டி.என். 23, டி.என். 73 வண்டியே நிம்மதி.

மூன்றாவது, வெள்ளத்தில் மூழ்கிய வண்டி. சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் ஏராளமான கார்கள் தண்ணீரில் நின்றன. அப்படிப்பட்டவை கழுவித் துடைத்து வெளியூர்ச் சந்தைக்கு வரும்.

பேப்பர்: வண்டியைத் தொடும் முன்

வண்டி நம்பரைக் கேட்டு வாங்கி, எம்-பரிவாகன் செயலியில் போட்டுப் பாருங்கள். பதிவு தேதி, எரிபொருள், எஃப்.சி. (தகுதிச் சான்று) எதுவரை, இன்சூரன்ஸ் எதுவரை, ஃபைனான்ஸ் இருக்கிறதா என்பது தெரியும். இ-சலான் தளத்தில் கட்டாத அபராதம் இருக்கிறதா என்றும் பாருங்கள். விற்கிறவர் சிங்கிள் ஓனர் என்று சொல்லி, ஆர்.சி.யில் மூன்றாவது ஓனர் என்று இருந்தால் அவர் சொல்லும் மற்றதையும் நம்ப வேண்டியதில்லை.

ஆர்.சி.யில் ஒரு வங்கியின் அல்லது ஃபைனான்ஸின் பெயர் இருந்தால், கடன் முடிந்துவிட்டது என்ற வாய்வார்த்தை போதாது. அவர்கள் தரும் என்.ஓ.சி.யும், ஆர்.சி.யிலிருந்து அவர்கள் பெயரை நீக்குவதற்கான, கையெழுத்திட்ட படிவம் 35-உம் வேண்டும். எங்கள் தெருவில் ஒருவர் இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வண்டியை எடுத்துவந்தார். கடன் உண்மையிலேயே முடிந்ததுதான். ஆனால் கடன் கொடுத்த அலுவலகம் ஊரிலிருந்தே காலி செய்துவிட்டிருந்தது. விற்றவர் போனை எடுப்பதை நிறுத்தினார். மெக்கானிக் தம்பி வாங்கியவரிடம் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: "வண்டி தங்கம்ணா. ஆனா உங்க பேர்ல இல்லையே." ஹெச்.பி. (ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவு) கேன்சல் ஆன பிறகே முழுப் பணம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் நம்பரையும் எஞ்சின் நம்பரையும் வண்டியில் இருப்பதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். டார்ச் அடித்து, துணியால் துடைத்துப் பாருங்கள். சுற்றிலும் புதுப் பெயின்ட், வெல்டிங் தடம் இருந்தால் அங்கேயே வணக்கம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

சொந்தக் காரின் ஆர்.சி. 15 வருஷத்துக்குச் செல்லும். அதன்பின் எஃப்.சி. காட்டி ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் கட்ட வேண்டும். 13, 14 வருஷ வண்டி மலிவாக வந்தால் இந்தச் செலவும் சீக்கிரமே வரப்போகிறது என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

வண்டியைப் பார்ப்பது

இரண்டு முறை போங்கள். ஒரு முறை காலையில், ஒரு முறை உச்சி வெயிலில்.

காலையில் போகும்போது, நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கப் பார்க்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின் ஒரே சாவியில் பிடிக்க வேண்டும். சைலன்சர் பக்கம் ஒருவரை நிற்க வையுங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை சூடான பிறகும் நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது. ஸ்டார்ட் செய்யும் முன்பே ஆயில் மூடியைத் திறந்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். பால் காபி நிறத்தில் ஏடு படிந்திருந்தால் ஆயிலோடு தண்ணீர் கலந்திருக்கலாம். மெக்கானிக் இல்லாமல் அந்த வண்டியைப் பற்றி மேலே பேச வேண்டாம்.

விபத்து வண்டியைக் கண்டுபிடிக்க, கதவைத் திறந்து ஓரத்து ரப்பர் பீடிங்கைக் கொஞ்சம் கையால் இழுத்துவிட்டு உள்ளே பாருங்கள். கம்பெனியில் அடித்த வெல்டிங் புள்ளிகள் சின்ன வட்டக் குழிகளாக, சம இடைவெளியில், ஒரே வரிசையாகப் போகும். அந்த வரிசை ஓரிடத்தில் மறைந்து தகடு மழமழவென்று இருந்தால் அங்கே டிங்கரிங் நடந்திருக்கிறது, பட்டி போட்டுப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். நாலு கதவிலும் இதைச் செய்யுங்கள். பானட்டின் கீல் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்டுப் பெயின்ட் உரிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பம்பரில் கீறல், கதவில் சின்ன ஒடுக்கு எல்லாம் நம் ஊர் நெரிசலில் சகஜம், அதற்காக வண்டியைத் தள்ளாதீர்கள்.

சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். அடிப்பகுதியில் சேறு படிந்த கறை தெரிந்தால் அது வெள்ளத்தில் நின்ற வண்டி. டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு அடியில் துரு, மண் இருக்கிறதா பாருங்கள். சீட் தண்டவாளங்களிலும் பாருங்கள். உள்ளே ஏறியதும் சென்ட் வாசனை தூக்கலாக இருந்தால், கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் ஈர வாடை தெரிந்துவிடும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-வது வாரத்தில் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் ஆறு வருஷம் தாண்டிய டயரை மாற்றும் செலவைக் கணக்கில் வையுங்கள். மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம், திருப்புவது சுலபம். கிளட்ச் பெடல் ரப்பர், ஸ்டீயரிங், டிரைவர் சீட் ஓரம் இவை தேய்ந்து வழுவழுப்பாக இருந்து, மீட்டர் 30,000 காட்டினால் பொருந்தாது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் நம்பரைச் சொல்லி, உரிமையாளர் மூலம் சர்வீஸ் விவரம் கேட்டால் ஒவ்வொரு முறையும் எத்தனை கிலோமீட்டரில் வந்தது என்று தெரியும்.

உச்சி வெயிலில் போவது ஏ.சி.க்காக. வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மணி வாக்கில், வெயிலில் நின்ற வண்டியில் ஏ.சி.யைப் போட்டு நாலு பேர் உட்கார்ந்து, கிரீன் சர்க்கிள் பக்கம் நெரிசலில் ஊர்ந்து பாருங்கள். நிற்கும்போது காற்று சூடாகி, ஓடும்போது மட்டும் குளிர்ந்தால் கண்டன்சர் ஃபேனோ கேஸோ பிரச்சினை. அதே நேரத்தில் எஞ்சின் வெப்பமானி ஏறுகிறதா பாருங்கள். அப்படியே பைபாஸில் ஏறி 80 வரை போய், ஸ்டீயரிங்கைத் தளர்த்திப் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கக்கூடாது. பிறகு மேம்பாலத்தின் ஏற்றத்தில், பின்னால் வண்டி வராத இடத்தில், நிறுத்தி எடுங்கள். எஞ்சின் கத்தி வண்டி நகராமல் நின்றால் கிளட்ச் பிளேட் போய்விட்டது.

இதெல்லாம் தேறிய பிறகு உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப்போங்கள். விற்கிறவர் சொல்லும் மெக்கானிக் வேண்டாம். உங்கள் ஆளுக்குக் கொடுக்கும் ஆயிரம் ரூபாயை யோசிக்காதீர்கள். லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கம் பார்க்கச் சொல்லுங்கள்.

பேரமும் பணமும்

கண்ட குறைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் செலவைப் போட்டு, அந்தத் தாளை வைத்துப் பேசுங்கள். "கொஞ்சம் குறைச்சுக்கோங்க" என்பதைவிட "டயர் பதினைந்தாயிரம், ஏ.சி. வேலை எட்டாயிரம்" என்பது வேலை செய்யும். டோக்கன் அட்வான்ஸ் சின்னத் தொகையாக, வங்கி வழியாக, ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் கணக்குக்கே போகட்டும். பேப்பர் சரியில்லை என்றால் அட்வான்ஸ் திரும்பும் என்று எழுதி வாங்குங்கள். புரோக்கர் கமிஷன் யார் தருவது என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

மீதிப் பணம் கொடுக்கும் நாளில் உங்கள் கையில் இருக்க வேண்டியவை: அசல் ஆர்.சி., பெயர் மாற்றத்துக்கான, கையெழுத்திட்ட படிவம் 29, படிவம் 30, இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ், விற்பவரின் அடையாள அட்டை நகல், இரண்டு சாவியும். வண்டி கொடுத்த தேதியும் நேரமும் எழுதிய டெலிவரி நோட்டில் இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அன்றுவரை நடந்ததற்கு அவர் பொறுப்பு, அதன்பின் நீங்கள் என்று அதில் இருக்கட்டும்.

எடுத்து வந்த பிறகு

வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாள்தான். மாற்றாமல் வண்டி மோதினால் உங்கள் வண்டிச் சேதத்துக்குப் பணம் வராது. பழைய உரிமையாளரின் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் செய்யாததற்குக் கிடைக்கும் தள்ளுபடி) அவரோடு போய்விடும், அதனால் பிரீமியம் கூடும். விற்றவருக்கும் இதில் அக்கறை இருக்க வேண்டும். ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. அவர் இழுத்தடித்தால் இதைச் சொல்லுங்கள், உடனே வந்து கையெழுத்துப் போடுவார்.

ஜலகண்டேஸ்வரர் கோயிலிலோ ரத்தினகிரியிலோ பூஜை போட்டுவிட்டு நேராக மெக்கானிக்கிடம் போங்கள். எஞ்சின் ஆயில், ஃபில்டர்கள், கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள். பழைய உரிமையாளரின் ஃபாஸ்டேகை அவரையே மூடச் சொல்லி, உங்கள் பெயரில் புதிதாக எடுங்கள். பள்ளிகொண்டா டோலை அடிக்கடி தாண்டுகிறவராக இருந்தால், 200 பயணத்துக்கான வருடாந்திர பாஸ் 2025 ஆகஸ்ட் 15 முதல் நடைமுறையில் இருக்கிறது, தொடங்கியபோது விலை 3,000 ரூபாய். அதைப் புது டேகிலேயே போட்டுக்கொள்ளலாம்.